எல்லாப் படங்களும் ஒரே மூச்சில்

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் வீட்டு வாலின் வணக்கம். முதுகுவலி தேவலையா? அம்மா நலமா? நான் கொழுகொழுவென இருக்கிறேன்.

நான் தற்காலிகமாகச் சேர்ந்திருந்த போட்டோ ஸ்டூடியோவின் இணையதளத்தில் வாடிக்கையாளர்கள் எத்தனை படம் ஏற்றினாலும் கடைசிப் படம்தான் மிஞ்சியது. படங்களைச் சேமிக்கும் சர்வர் கணினி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்ததால், பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிட்டது.

"இன்னைக்குச் சரியாகலைன்னா பெட்டியைக் கட்டு" என்றார் முதலாளி.

ஒவ்வொரு படத்துக்கும் தனிப்பெயர் விழும்படி மாற்றினேன். சோதிக்க, மதியத்தில் வாய் பிளந்து தூங்கும் அவரையே நான் எடுத்திருந்த படங்களை மொத்தமாக ஏற்றினேன். அத்தனையும் திரையில் வரிசைகட்டின.

"அடப்பாவி, ஒண்ணுகூட விடாம வந்திருச்சேடா!" என்று சிரித்தவர், அங்கேயே என் வேலையை நிரந்தரமாக்கினார். இனி அந்தத் தளமே என் பொறுப்பு!

நீங்களும் அம்மாவும் இருக்கும் படங்களைக் அந்தத் தளத்திலேயே ஏற்றுங்கள். பொறுக்கி எடுக்க வேண்டாம், மொத்தமாகவே அனுப்புங்கள். வாசல், அடுப்படி, என் கட்டில்கூட இருக்கட்டும். இங்கே என் அறைச் சுவர் வெறுமையாக இருக்கிறது, அதற்குத்தான். முதலாளி கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

இப்படிக்கு,
சம்பளக்காரனாகிவிட்ட உங்கள் மகன்