குளிசைக்கு அடங்கிய கோபம்

கண்டி ஆஸ்பத்திரி
4.3.1968

ஹமீமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு ஜின்னும் இல்லை, ஒன்றும் இல்லை. வில்கமுவையில் அந்த ஓதுகிறவன் ஜின்னை விரட்டுகிறேன் என்று பிரம்பால் என் முதுகைப் பிய்த்ததெல்லாம் வீண்! சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டியாம். அது நினைத்த நேரத்தில் அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுமாம், இரத்தக்குழாய்கள் இறுகிப்போகுமாம். டாக்டர் கபிரியேல் ஓர் ஊசி போட்டார். ஏறிக் கிடந்த பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கவே சரிந்தது. "குத்தவாளி ஆம்புட்டுட்டான்" என்று சிரித்தார்.

இப்போது பீனோக்ஸிபென்ஸமீன் என்று ஒரு குளிசை விழுங்கத் தருகிறார்கள். அட்ரினலின் வந்து பிடிக்கிற இடத்தை இது முந்திக்கொண்டு அடைத்துவிடுமாம். மூக்கு அடைக்கிறது, எழும்பினால் தலை சுற்றுகிறது, அவ்வளவுதான்.

உன் கையை முறித்ததும் சுடுதண்ணிக் கேத்தலை எறிந்ததும் நானில்லை, அந்தக் கட்டி. காதியாரிடம் போட்ட விவாகரத்து வழக்கை எடுத்துவிடு. மகள் பீபியோடு மாத்தளைக்கு, நம் வீட்டுக்குத் திரும்பி வா.

உன் இத்ரூஸ்

யட்டவத்த
11.3.1968

பீபியின் வாப்பாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கடிதத்தைப் படித்து அழுதேன், சந்தோஷத்தில்தான். என் கை இன்னும் நேராகவில்லை. பீபியைத் தூக்க முடியவில்லை. என் கூடப்பிறந்த ரவூப் நானாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "அவன் இந்த வாசல்ல கால வெச்சா வெட்டிப் போடுவேன்" என்று கத்தியைத் தீட்டுகிறார். இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள். எனக்கு யோசிக்கக் கொஞ்சம் நாள் வேண்டும். கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழும்புங்கள்.

ஹமீமா

கண்டி ஆஸ்பத்திரி
2.4.1968

ஹமீமாவுக்கு,

குளிசையைக் கூட்டிக் கூட்டித் தந்தார்கள். இப்போது படபடப்பு, தலையிடி எதுவும் வருவதில்லை. பிரஷர் எல்லோரையும் போல இருக்கிறது. குளிசை இல்லாமல் கட்டியைத் தொட்டால் அட்ரினலின் ஒரேயடியாகப் பாய்ந்து ஆபரேஷன் மேசையிலேயே மவுத்தாம். அதனால்தான் இவ்வளவு நாள். அடுத்த வாரம் வெட்டுகிறார்கள்.

காதியாரிடமிருந்து மறுபடி நோட்டீஸ் வந்திருக்கிறது. மாப்பிள்ளை படுத்துக் கிடக்கிறான் என்று இளக்காரமா? உனக்கு இன்னும் ஒரு கை முறியாமல் இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்.

இத்ரூஸ்

யட்டவத்த
5.4.1968

இத்ரூஸ் அவர்களுக்கு,

படபடப்பு வந்த நேரமெல்லாம் பக்கத்தில் இருந்தவள் நான். முகம் வெளுத்து, சட்டை நனைய வியர்த்து, "ஹமீமா, மவுத்தாகப் போறேன், வுட்டுட்டுப் போயிராத" என்று என் மடியில் கிடந்து நடுங்குவீர்கள். அந்த நேரத்தில் ஒரு நாளும் என்னை அடித்ததில்லை.

கையை முறித்த அன்று வயிறாரச் சாப்பிட்டீர்கள். பீபியை அடுத்த வீட்டுக்கு அனுப்பினீர்கள். கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்துதான் என் கையை முறுக்கினீர்கள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டும் விடவில்லை. கட்டிக்குக் கதவைத் தாழ்போடத் தெரியுமா?

உங்கள் நோய் உண்மை. சுகமாக வேண்டும் என்று துஆ கேட்கிறேன். ஆபரேஷன் முடியும் மட்டும் குளிசையை விட்டுவிடாதீர்கள். வழக்கை நான் எடுக்க மாட்டேன்.

ஹமீமா