பெட்டியில் இருந்த ரெக்கார்டு

9 ஜூலை 84, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். யூனிபார்முக்குக் கஞ்சி போடணும். என் வீட்டுக்காரர் மெட்ராஸ் ரூமில் தூக்கத்திலேயே இறந்துபோய் இருபத்திமூணு நாள். இன்று டியூட்டிக்குத் திரும்பினேன். வார்டில் என்னைப் பார்த்ததும் மற்ற நர்ஸுகள் பேச்சை நிறுத்தினார்கள். பன்னிரண்டு ஊசி. அழுகை வரவில்லை, அன்றிலிருந்தே.

சாமுவேல் (அவர் தம்பி, ஷூ கம்பெனி) ரூமிலிருந்து அவர் பெட்டியைக் கொண்டுவந்தான். சட்டை 4. ஷேவிங் செட். பேஸ் கிதார் கம்பி ஒரு கட்டு. ஒரு ரெக்கார்டு. சோல் என்கிற வகை இங்கிலீஷ் பாட்டு, மெட்ராஸிலேயே எடுத்தது. அட்டையில் பாடினவள் படம் மட்டும். வாசித்தவர்கள் பேர் கிடையாது.

"அண்ணன் வாசிச்சதுதான் அண்ணி. இல்லாட்டி பெட்டில எதுக்கு வெச்சிருக்கப் போறாரு? ஞாயித்துக்கிழமை வீட்ல அண்ணனுக்கு வைக்கிற ஜெபம் முடிஞ்சதும் போடலாம். எல்லாரும் கேக்கட்டும்."

சரி என்றேன்.

10, செவ்வாய்
பால் திரிந்துவிட்டது. எங்கள் பாப்பாவுக்குச் சளி.

கல்யாணமாகி எட்டு வருஷம். அவர் வாசித்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வாரம் பூரா மெட்ராஸில் ஹோட்டல்களில் வாசிப்பு, சினிமா ரெக்கார்டிங். சனிக்கிழமை ரயிலில் வந்து தூங்குவார். ரேடியோவில் பாட்டு வந்தால், "இதுல நான் இருக்கேன்" என்பார். எங்கள் சின்ன டிரான்சிஸ்டரில் பேஸ் கிதாரின் அடிக்குரல் எங்கே கேட்கும்? "ஒண்ணும் கேக்கலையே, சும்மா உக்காந்துட்டு வந்தீங்களா?" என்பேன். சிரிப்பார்.

ஒரே ஒரு தடவை கேட்கணும். வேறு எதுவும் வேண்டும் என்று தோன்றவில்லை.

12, வியாழன்
டியூட்டி முடிந்து ரெக்கார்டை எடுத்துக்கொண்டு வாணியம்பாடி பஸ். தோல் மண்டி பாய் வீட்டில் பெரிய ஸ்டீரியோ. பாய் சம்சாரம் என் வார்டில் படுத்திருந்தவர்.

பாய் பேஸைக் கூட்டிவைத்தார். "இப்ப கேக்குதா சிஸ்டர்?"

கேட்டது. முதலில் சோபாவில், அப்புறம் நெஞ்சில். பாடுகிறவள் நிறுத்துகிற இடத்திலெல்லாம் அது மட்டும் போய்க்கொண்டே இருந்தது. மூன்று தரம் போடச் சொன்னேன். பாய் சம்சாரம் கையைப் பிடித்த பிறகுதான் நான் அழுவது எனக்கே தெரிந்தது. சப்பாத்தி கொடுத்தார்கள். தின்றேன். தலைவலி.

14, சனி
தூறல். துணி காயவில்லை. நாளை ஜெபத்துக்காக குரூஸ் வந்தார், என் வீட்டுக்காரரோடு ரெக்கார்டிங்கில் கிதார் வாசித்தவர், அவரை ஜெயா என்று கூப்பிடுகிறவர். ரெக்கார்டைக் காட்டி, வாணியம்பாடி போன கதையைச் சொன்னேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, இதுல நான் இருக்கேன். ஜெயா இல்ல."

"இன்னா சொல்றீங்க?"

"இத எடுத்த அன்னிக்குக் காலைல உங்களுக்குப் பிரசவ வலி எடுத்துடுச்சுன்னு தந்தி. பேஸை செவுத்துல சாச்சிட்டு ஓடிட்டான். வேற ஆளு வந்து வாசிச்சான். ரெக்கார்டு கடைக்கு வந்ததும் இவனே போய் வாங்கினான். பாப்பா பொறந்தன்னிக்கு எடுத்ததுடான்னு."

அப்படியானால் அவர் வாசித்தது எது?

"நெறைய இருக்கு அக்கா. பாட்டுப் பேர்தான் தெரியாது. வாசிப்போம், அடுத்த ரெக்கார்டிங்குக்கு ஓடுவோம். சாமுவேல்கிட்ட நான் சொல்லிடட்டுமா?"

யோசிக்கிறேன் என்றேன்.

யாரோ ஒருத்தன் வாசித்ததற்கு அழுதிருக்கிறேன். கோபம்கூட வரவில்லை. அன்று அவர் வந்து சேர்வதற்குள் பாப்பா பிறந்துவிட்டாள். "இப்பதான் வர நேரம் கெடச்சுதா?" என்று திட்டினேன். வேலையை விட்டு ஓடி வந்ததைச் சொல்லவேயில்லை. பாவி மனுஷன்.

15, ஞாயிறு
நாற்பது பேர் இருக்கும். பாய் ஸ்டீரியோவை அனுப்பியிருந்தார். ஜெபம் முடிந்ததும் சாமுவேல் எழுந்து, "எங்க அண்ணன் வாசிச்சது" என்று சொல்லிப் பாட்டைப் போட்டான். குரூஸ் என்னைப் பார்த்தார். வேண்டாம், விடுங்கள் என்று தலையாட்டினேன்.

பாப்பா அதிர்கிற தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "அம்மா, அப்பா கேக்குது."

ஆமாம் என்றேன்.