கஞ்சியில் ஒரு பிடி

1937, தை 9. வில்லியனூர்.

காய்ச்சல் போய் இரண்டு மாதமாகியும் நான் கஞ்சித் தெளியோடு நின்றுவிட்டேன். சோறு உள்ளே போனால் காய்ச்சல் திரும்பும் என்று பயம். முடி கொட்டியது, எழுந்து நின்றால் தலை சுற்றியது. கஞ்சியில் தினம் ஒரு பிடி சோறு சேர்க்கச் சொன்னார் புதுச்சேரி டாக்டர். இன்று கஞ்சி கெட்டியாகத் தெரிந்தது. கஞ்சி காய்ச்சித் தரும் ஓரகத்தி செங்கமலத்தின் மேல் சந்தேகம்.

"இன்னாடி, ரெண்டு பிடி போட்டியா?"

"அரைப் பிடிதான்க்கா. ஒரு பிடின்னா கிண்ணத்தையே தள்ளிடுவே. உன் கண்ணுதான் தராசாச்சே!"

பத்து நாளாக அரைப் பிடிதானாம். அதிலும் பாதியை மீதி வைத்திருக்கிறேன். என் கண்ணையே நம்ப முடியவில்லை. நாளை முழுப் பிடி போடச் சொல்லிவிட்டேன். அவள் குறைக்காமல் போடுகிறாளா என்று பக்கத்திலேயே நிற்பேன்.