நீ அழித்துவிட்டு எழுதிய வரிகள்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். எல்லோரும் கிளம்பிய பிறகு மெர்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சித்தப்பா, அப்பாவுக்கு அதைச் சொல்லவே இல்லல்ல?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செவிலிமேட்டு டவுன் பஸ்ஸில் நீ கண்டக்டராக இருந்தபோது உன் குரல் அடுத்த நிறுத்தம் வரைக்கும் கேட்கும் என்பார்கள். தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும்தான் உன் பேச்சு. சாப்பாடு, மாத்திரை, கோபம் எல்லாம் அந்த நோட்டில்தான்.

மெர்சியுடன் நீ பேச்சை நிறுத்தியது அதற்கும் மூன்று வருஷம் முன்னால். சின்ன காஞ்சிபுரத்து ஐயங்கார் வீட்டுப் பையன் வரதனை அவள் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போனபோது, உனக்கு அந்தப் பையன் மேல் கோபமில்லை என்பது எனக்குத் தெரியும். "நம்மள அவங்க வாசல்ல நிக்கவெச்சவங்கடா. அங்க போய் இவ தலை குனியணுமா?" என்றாய். நம் அப்பா அந்தத் தெருவில் எந்தப் பக்கமாக நடந்தார் என்பது நம் இருவருக்கும் தெரியும். ஆனால் மெர்சியிடம் நீ சொன்னது வேறு. "எனக்கு பொண்ணே இல்ல" என்றாய். அவள் அதை எடுத்துக்கொண்டுதான் ஊரைவிட்டுப் போனாள்.

உனக்குக் குரல் போன செய்தியை அண்ணிதான் அவளுக்குச் சொன்னார்கள். "போன்ல அவர் குரலக் கேக்கணும்னு நெனச்சிக்கினே இருந்தேம்மா" என்று அழுதாளாம். அண்ணி என்னிடம் வந்து, "எதாவது பண்ணுப்பா சாமு. உன்கிட்டதான் கம்ப்யூட்டர் இருக்குதே" என்றார்கள்.

அப்போதுதான் என் டேப்லட் ஞாபகம் வந்தது. கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் வேலைக்காக வாங்கியது. கறுப்பு சிலேட்டு போல இருக்கும், ஒயரில் கம்ப்யூட்டரோடு சேர்ந்திருக்கும், மை இல்லாத ஒரு பேனா கூடவே வரும். பத்திரிகைத் தலைப்பில் பிள்ளையாருக்குக் கண் வரைய அதைவிட நல்லது கிடையாது. நீ அதில் எழுதினால், எழுத எழுத அது பெங்களூரில் மெர்சியின் கம்ப்யூட்டரில் தெரியும். அவள் வாயால் பதில் சொல்வாள். காகிதத்தில் எழுதி கேமராவுக்குக் காட்டி முதலில் நாம் இருவர் மட்டும் சோதித்துப் பார்த்தோம், நினைவிருக்கிறதா? ஒரே மங்கல்.

உனக்கு டேப்லட் சுலபமாக வரவில்லை. கை மேஜையில், கண் எதிரே திரையில். நீ கையைப் பார்த்தாய், எழுத்து எங்கோ போனது. உள்ளங்கையை ஊன்றியதும் பக்கம் நழுவி ஓடியது, இரண்டு விரல் பட்டதும் உன் 'அ' திரை முழுக்கப் பெரிதானது. நோட்டை எடுத்து எனக்கு எழுதிக் காட்டினாய்: "இன்னாடா இது, கைய வெச்சா ஓடுது?" பேனாவோடு விரல் தொடுவதையும் அது கவனிக்கும் என்று சொல்லி, தொடுதலை மட்டும் நிறுத்திவைத்தேன். அதற்குப் பிறகு பக்கம் அசையவில்லை. நான்கு நாள் பழகினாய். அழுத்தினால் கோடு தடிக்கும், பேனாவைத் தலைகீழாகப் பிடித்துத் தேய்த்தால் அழியும். அந்த அழிக்கிற வால்தான் உனக்கு ரொம்பப் பிடித்தது.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு என்று பேசி வைத்திருந்தோம். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இணைப்புக் கொடுத்தேன். மெர்சி கேமராவைப் போடவில்லை. அதனால் உன் கண்ணுக்கு வெள்ளைப் பக்கம் மட்டும்தான். நீ பழகிப் பார்க்கிற மாதிரி 'மெர்சி' என்று எழுதினாய். என் காதில் அவள் குரல் வந்தது: "சித்தப்பா, தெரியுது. அப்பா கையெழுத்து." நான் வாயைத் திறக்கப் போனேன். "சொல்லாதீங்க சித்தப்பா. எழுதட்டும்" என்றாள்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்து, நோட்டில் கேட்டாய்: "லைன் கெடச்சுதா?"

"இன்னும் இல்லண்ணே" என்றேன்.

அதுதான் நான் செய்தது.

நீ ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாய். "நீ செஞ்சது" என்று எழுதி அழித்தாய். "உன்ன அங்க எப்படி வெச்சிருக்காங்க?" என்று எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதையும் அழித்தாய். "கொரல் இருக்கும்போதே ஒருவாட்டி போன் பண்ணியிருக்கணும்." அதை அழிக்க உனக்கு நேரமானது. ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்தாய். என் காதில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

பிறகு, "சித்தப்பா, படம் நின்னுபோச்சு, ஒண்ணும் வரல" என்றாள். அந்தச் சமயத்தில்தான் நீ இன்னொரு வரி எழுதினாய். மற்ற எல்லாவற்றையும்விட நீளமான வரி. நான் படித்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே அழித்தாய்.

படம் திரும்பி வந்ததும் ஸ்பீக்கரைப் போட்டு, "கெடச்சிடுச்சிண்ணே" என்றேன். நீ நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவான எழுத்தில், "நல்லா இருக்கியா?" என்று எழுதினாய்.

"நல்லா இருக்கேன்பா. நீ சாப்ட்டியா?" என்றாள். ஒன்றுமே பார்க்காதவள் மாதிரி.

அடுத்த சனிக்கிழமையே அவளும் வரதனும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வரதன் அண்ணியிடம் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நீ வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். மெர்சி உன் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, "அங்க என்ன நல்லாதான் வெச்சிருக்காங்கபா. மாமியார் மட்டும் ரெண்டு வருஷம் சரியா பேசல. இப்ப பேசறாங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் நோட்டில் என்னிடம் கேட்டாய்: "கேக்காததுக்கு எப்படிடா பதில் சொல்றா?"

"பொண்ணுங்களுக்குத் தெரியும்ணே" என்றேன். இரண்டாவது பொய்.

அப்போதே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? நோட்டைத் தூக்கி எறிந்திருப்பாயா? என் வீட்டுப் பக்கமே வராமல் இருந்திருப்பாயா? "நல்லா இருக்கியா" என்று நீ கேட்ட ஒரு கேள்விக்காகத்தான் மகள் வந்தாள் என்று எட்டு மாதம் நம்பினாய். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உன் சொந்த மனதை நீ மறைத்து வைத்திருந்த நேரத்தில், கதவைத் திறந்து காட்டியவன் நான். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், மறுபடி அதே மதியம் வந்தாலும் "இன்னும் இல்லண்ணே" என்றுதான் சொல்வேன் என்று தோன்றுகிறது. அப்படியிருக்க என்ன கேட்பது?

அண்ணி நன்றாக இருக்கிறார்கள். மெர்சிக்கு இது ஏழாம் மாதம். பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள். வரதனின் அம்மா அண்ணிக்கு போன் செய்து, நாள் பார்த்துச் சொன்னார்கள். டேப்லட்டில் பேனா முனை தேய்ந்து, வேறு மாற்றியிருக்கிறேன்.

ஜெபக்கூட்டத்தன்று மெர்சி கடைசியாகக் கேட்டது இன்னொன்று: "படம் நின்னப்ப அப்பா என்ன எழுதினாரு சித்தப்பா? நீங்க பாத்தீங்கல்ல?"

பார்த்தேன் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள், நான் தலையாட்டிவிட்டு நாற்காலிகளை மடக்கப் போய்விட்டேன்.

மற்றதெல்லாம் உன்னைக் கேட்காமல் காட்டிவிட்டேன். அந்த ஒரு வரியை அவளுக்கும் சொல்ல மாட்டேன், இங்கேயும் எழுத மாட்டேன். நீ அழித்தது அழித்ததாகவே இருக்கும் அண்ணே.

உன் கூடப் பிறந்தவன்,
சாமு