விருந்தாளித் தட்டுகள்

அக்கா,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

"கிறிஸ்துமஸுக்கு என் பொண்ணு, புது மாப்பிள்ளையோட வர்றோம்டா. சுவத்துல தொங்குற அந்தப் பூதாகார மரக்கரண்டியையும் முள்கரண்டியையும் முதல்ல கழட்டு. அம்மாவோட கண்ணாடி அலமாரியையும் தூக்கிப் போடு. மானம் போகுது" என்று டொரண்டோவிலிருந்து போனில் சொன்னாய். நம் ஊர் இலோய்லோவில், நம் தெருவில் சாப்பாட்டு மேசைக்கு மேலே அந்தக் கரண்டிகளை மாட்டாத வீடு எது? யாருக்கு மானம் போயிற்று?

அலமாரியில் இருக்கும் நீலப்பூத் தட்டுகளை அம்மா நம்மைத் தொடவே விட்டதில்லை. "கைய எடுடா, அது விருந்தாளிக்கு" என்பாள். நாம் எனாமல் தட்டில் சாப்பிட்டோம். நீ கனடா போய் முதன்முறை திரும்பி வந்த அன்று, உனக்கு நீலப்பூத் தட்டில் காடியும் சோயாவும் ஊற்றி வேகவைத்த கோழி அடோபோ பரிமாறினாள். உனக்குப் பூரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது.

"காலேஜ் வாத்தியாரான எனக்கு இன்னும் எனாமல் தட்டுதானா?" என்று கேட்டேன்.

"நீ என்ன விருந்தாளியா?" என்று அம்மா சிரித்தாள்.

அவள் சொன்னதன் அர்த்தம், அவள் கண்ணை மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கடைசிவரை அவளோடு உட்கார்ந்து எனாமல் தட்டில் சாப்பிட்டவன் நான். அந்தப் பெருமையில் உனக்குப் பங்கு கிடையாது.

அலமாரி இருக்கும். கரண்டிகளும் இருக்கும். நீ வா. உனக்கும் உன் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நீலப்பூத் தட்டுகளைக் கழுவி வைக்கிறேன்.

கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன். இந்த வீட்டிலிருந்து உனக்கு எழுத வேறு யார் இருக்கிறார்கள்?