சுவருக்கு அந்தப் பக்கம்

என் அம்மாவுக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. உன் கட்டிலில் இப்போது நான்தான் படுக்கிறேன். நடந்ததை எழுதக் கூசுகிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒருநாள், நான் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் என்னிடம் சொன்னாய்: "பக்கத்து வூட்டு செவுத்துல யாரோ தட்டிக்கினே கீறாங்க நைனா."

"புதுசா வந்தவங்க காலைலயே பூட்டிட்டு வேலைக்குப் போயிடறாங்க. உள்ள ஆளே இல்ல. உனக்கு எப்படித் தெரியும்?"

"காதால கேட்டேன். வேற எப்டி தெரியும்?"

அன்று காலைதான் அறிவு என்றால் என்ன என்று வகுப்பெடுத்திருந்தேன். ஒன்றை நம்பினால் போதாது, அது உண்மையாக இருக்க வேண்டும், நம்பத் தக்க காரணமும் வேண்டும் என்று பலகையில் எழுதினேன். என்னிடம் காரணம் இருந்தது. அந்தக் கதவில் தொங்கிய பூட்டு. எதையும் சந்தேகித்துப் பார்த்த தத்துவவாதிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நான், உன் காதைத் தவிர வேறெதையும் சந்தேகிக்கவில்லை.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். "இல்லாத சத்தமெல்லாம் கேக்குதுன்றாங்க" என்று உன் எதிரிலேயே சொன்னேன். நீ புடவைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். மாத்திரை கொடுத்தார். மத்தியானமெல்லாம் தூங்க ஆரம்பித்தாய். "இப்ப கேக்குதாம்மா?" என்றால், "இல்ல நைனா" என்பாய். நிஜமாகவே கேட்கவில்லையா? என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா?

போன வாரம் காய்ச்சலில் லீவு போட்டுப் படுத்திருந்தேன். சுவரில் தட்டும் சத்தம். எழுந்து போனேன். பூட்டு தொங்கியது. ஜன்னலைத் தள்ளினால், கட்டிலில் ஒரு வயதான அம்மா, கையில் டம்ளர். இடுப்பு எலும்பு உடைந்து நடக்க முடியாதவர். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகப் பயந்து மகள் பூட்டிவிட்டுப் போகிறாளாம்.

"உங்க வூட்டு அம்மா எங்கப்பா? நான் தட்னா அவங்களும் தட்டுவாங்க. திடீர்னு நிறுத்திட்டாங்க. எம்மேல இன்னா கோவம்?"

நீ பதிலுக்குத் தட்டினாயா அம்மா? என்னிடம் சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தால் மட்டும் நம்பியிருப்பேனா?

நீ இறந்ததை மட்டும் சொன்னேன். அழுதார். மாத்திரையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. நீ கோபத்தோடு போய்விட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பழியையும் உன்மேல்தான் போட்டுவிட்டு வந்தேன்.

அவர் மகளிடம் பேசி ஒரு சாவி வாங்கியிருக்கிறேன். நாளை மத்தியானம் உள்ளே போய் உட்கார்ந்து, நீ ஏன் நிறுத்தினாய் என்பதை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். சத்தியமாக.

உன் மகன்,
ஏழுமலை