தீவிலிருந்து ஒரு வெளிச்சம்

1942, ஐப்பசி, வெள்ளி இரவு. மரக்காணம் சத்திரம்.

மீனாட்சி இன்னும் தீவில்தான் இருக்கிறாள். அங்குள்ள கும்பெனி காலத்துக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து இருவருமாக வந்தோம். திரும்பும்போது கூட்டத்தில் படகு தாழ்ந்தது.

"ஒரு ஆளு எறங்குங்க, அடுத்த நடைல இட்டுக்கினு வர்றேன்," என்றான் படகுக்காரன். நான் யோசிப்பதற்குள் என் மனைவி இறங்கிவிட்டாள்.

"நீங்க போங்க. இருட்டுல தண்ணியப் பார்த்தா உங்களுக்கு மயக்கம் வந்துடும்," என்று சிரித்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

கரை சேர்ந்ததும் காற்று வலுத்தது. விடியும்வரை படகு போகாதாம். அங்கே அவளுக்குக் காவல்காரக் கிழவி மட்டுமே துணை.

யுத்த உத்தரவுப்படி கடற்கரையில் வெளிச்சம் கூடாது. அந்தப் பெரிய விளக்கையே அணைத்துவிட்டார்கள். சர்க்கார் சொல்வதற்கு முன்பே வீட்டு ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியவன் நான். சற்றுமுன் கோபுரத்தின் மேல் ஒரு சிறு வெளிச்சம் ஏறி இறங்கியது. அவள்தான். நான் பயந்துகொண்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

"யாருங்க அது, வெளக்கு காட்டிக்கினு கீறது?" என்று கேட்டார் கரையில் நின்ற போலீஸ்காரர்.

"தெரியலீங்க," என்றேன்.

பதிலுக்கு நான் வெளிச்சம் காட்டாவிட்டால் அவள் நிறுத்தமாட்டாள், அவளைப் பிடித்துவிடுவார்கள். போலீஸ்காரர் இப்போது உப்பளப் பக்கம் போயிருக்கிறார். சத்திரத்தில் இருப்பது ஒரே அரிக்கேன் விளக்கு. அதன் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். அதை எடுத்துக்கொண்டு கரைக்குப் போக வேண்டும். ஆகவே இதற்குமேல் எழுத முடியாது.